தோள்மேல் இருந்த கை

ஜனவரி 7

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. இந்த வயதுக்கு இது நலம்தான் என்று டாக்டர் சொல்கிற அளவுக்கு நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடியை விட்டுக் கீழ் வீட்டுக்கு மாறிக்கொள் என்று போன தடவையும் எழுதினேன். கேட்க மாட்டாய். எழுதி வைப்பது என் கடமை.

இங்கே குளிர் எலும்பைத் தேடி வந்து கடிக்கிறது. இடது கையில் ஆறாவது விரலை வெட்டி எடுத்த இடம் இன்னமும் குளிருக்கு விண்விண் என்று தெறிக்கிறது. இல்லாத விரலுக்கு என்ன வலி என்று என் பையன், உன் மருமகன், சிரிக்கிறான். அவன் கடையில் பாஸ்போர்ட் படம்தான் ஓடுகிறது. நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "காது தெரியணும், முடியை ஒதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் எப்படிப்பட்ட படங்களை டச்சப் செய்த கை இது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இசைத்தட்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பழைய தட்டுகளுக்குத் திரும்பவும் மவுசு வந்துவிட்டதாம். நம்முடைய தட்டை மறுபடி போடப்போகிறார்கள். ஆமாம், நம்முடையதுதான். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிற அந்த அட்டை. அதைப் பார்க்காத ஆள் உண்டா? பாட்டு மறந்தவர்களுக்குக்கூட அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். பிரிண்டின் பின்னால் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள். கம்பெனி அலமாரியில் கிடந்த நெகட்டிவை அனுப்புகிறேன், கீறலை எல்லாம் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டாள். "அந்தச் சிரிக்கிற பொண்ணு யார் சார்?" என்றும் கேட்டாள்.

என்ன சொல்லட்டும்? அன்றைக்கு நடந்தது எல்லாம் சினிமா மாதிரி கண்ணில் நிற்கிறது. தட்டில் பாடிய பாடகி தன் முகம் வேண்டாம், பாட்டுக் கேட்கிற முகம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். வரவேண்டிய பெண் மழையில் வரவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நீ, நனைந்த குடையோடு ஸ்டூடியோ வாசலில் நின்றாய். முதலாளி உன்னைப் பிடித்து விளக்குக்கு முன்னால் நிறுத்திவிட்டார். நீ மரம் மாதிரி நின்றாய். நான் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டுக் காதில் ஏதோ சொன்னேன். சிரித்தாய் பார், முதலாளி ஒரே அமுக்கு. என்ன சொன்னேன் என்பது மட்டும் சுத்தமாக மறந்துவிட்டது. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை. நான் சௌகரியம். முழங்கால் படியேறும்போது மட்டும் கதவு திறக்கிற சத்தம் போடுகிறது. மற்றபடி தொந்தரவு இல்லை. உன் கையை வெந்நீரில் வைக்கிறாயா? கையுறை போட்டுக்கொண்டு வெளியே போ. ரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே.

இங்கே இரண்டு வாரமாகக் குழாயில் தண்ணீர் நூல் போல வருகிறது. கீழ் வீட்டுக்காரியோடு தினம் ஒரு பஞ்சாயத்து. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்தவர்கள் மாதம் ஒரு தடவை கூடுகிறோம். எல்லோருக்கும் ஒரு காது மந்தம். அத்தனை வருஷம் ஹெட்போன் மாட்டியதற்குக் கிடைத்த பரிசு. ஆளுக்கொரு பக்கம் திரும்பிக் கத்திப் பேசுகிறோம். அதனால்தான் போன் வேண்டாம், எழுது என்கிறேன்.

பெரிய தெரு முனையில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்திருக்கிறார்கள். சுவரில் அந்த அட்டைப்படம் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது. நான் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து காபி குடித்தேன். பரிமாறுகிற பெண், "பாட்டி, தலையை இடிச்சுக்காதீங்க, ஃபிரேம் இருக்கு" என்றாள்.

தெருவில் வேறு விசேஷம் இல்லை. கடிகாரக்கடையை மூடிவிட்டார்கள். அவருக்குக் கண் இரண்டும் போய்விட்டதாம். மகள் வந்து கூட இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. யாரோ ஒரு பெண் என்று சொல்லிவிடு. மருமகனுக்கு என் ஆசீர்வாதம்.

தங்கை


பிப்ரவரி 15

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். மாத்திரை ஒழுங்காகப் போகிறது. கையுறையும் போடுகிறேன், போதுமா? உன் குழாயில் தண்ணீர் வந்ததா?

கடிகாரக்காரருக்குக் கண் போய்விட்டதா? அடப்பாவமே. கடுகளவு திருகாணியை எடுத்து மாட்டின ஆள். பொல்லாதவளே, அந்த மனுஷனைத்தானே நிச்சயம் முடிந்த பிறகு வேண்டாம் என்று தூக்கி எறிந்தாய். "எனக்குப் பிடிக்கல, விட்டுட்டேன்" என்று ஒரு வரி எழுதினாய். நான் இங்கே வேலைக்கு வந்து சேர்ந்து அப்போது ஐந்தாறு மாதம்கூட இருக்காது. உன் மூக்குமேல் கோபத்துக்கு ஒரு நல்ல மனுஷன் போனான் என்று அன்றைக்கே வயிறெரிந்தேன். நீயும் அப்புறம் யாரையும் கட்டவில்லை. சரி, பழங்கதை.

நீ நான் கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லை. கம்பெனிப் பெண் விடாக்கண்டியாக இருக்கிறாள். அவளுக்கு இப்போது உன்னைவிட அந்தக் கைமேல்தான் கண். "சார், பொண்ணு தோள்மேல இருக்கிற ஆம்பளைக் கை யாரோடதுன்னு இன்னிக்கும் இன்டர்நெட்ல அடிச்சுக்கிறாங்க" என்கிறாள். நம் முதலாளி அந்தக் காலத்தில் ஏதோ பத்திரிகையில் "அது காதலன் கை" என்று கண் சிமிட்டிக்கொண்டே சொன்னாராம். அவர் பேட்டியைப் படித்துக் காட்டினாள். கிழவர் சரியான கில்லாடி! காதலனாம் காதலன்! எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இந்த வயதில் எனக்கும் கொஞ்சம் புகழ் வரட்டுமே. பேட்டி எடுக்க ஆள் அனுப்புகிறாளாம். என்ன சொல்கிறாய்?

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்.

அண்ணன்


மார்ச் 9

அண்ணாவுக்கு,

நலம். தைலம் வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் கேட்கிறது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள். பெயரைப் போட்டாலும் போடட்டும். கையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் பேசாதே. யாருடைய கை என்று தெரியாது என்று சொல். ஏன் என்று கேட்காதே.

மாத்திரையை வேளை தவறாமல் போடு. உப்பைக் குறை.

தங்கை


மார்ச் 30

அன்புள்ள வாயாடிக்கு,

நலம், நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என்ன இது, பேயறைந்த மாதிரி எழுதியிருக்கிறாய்? நாம் இரண்டு பேரும்தானே அந்தப் படத்தில் இருக்கிறோம், மூன்றாவது ஆளுக்கு அதில் என்ன? உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பேட்டிக்காரனிடம் கொஞ்சம் பேசிவிட்டேன், கை வரைக்கும் இன்னும் போகவில்லை. கோபிக்காதே.

அதைவிடு. நெகட்டிவ் வந்துவிட்டது. விளக்குப் பெட்டிமேல் வைத்துப் பார்த்தேன். வாயாடி, நம்ப மாட்டாய், நான் முழுசாக இருக்கிறேன்! அசட்டுச் சிரிப்போடு, எண்ணெய் வழிகிற தலையோடு. அட்டை சதுரம் என்பதால் என்னை நானே கத்தரித்து வெளியே தள்ளியதை மறந்தேபோனேன். உன் தோள்மேல் என் இடது கை. அந்தக் கையில் ஆறு விரல்.

இதுவரை யாரிடமும் சொல்லாத தொழில் ரகசியம் ஒன்று சொல்லட்டுமா? அட்டையில் பார், ஐந்து விரல்தான் இருக்கும். சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்த விரலை அழித்தது நான்தான். "ஆறு விரல் கையைப் போட்டா அத்தனை பேரும் விரலைத்தான்யா பார்ப்பான்" என்று கம்பெனி ஆள் படத்தையே தூக்கிப்போடப் பார்த்தான். எனக்கோ உன் சிரிப்பை விட மனசில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து "ஆறுவிரல், ஆறுவிரல்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அந்த விரல்மேல் ஒரு வெறுப்பு. உட்கார்ந்தேன். மெல்லிய பிரஷ், கறுப்பு, வெள்ளை, கொஞ்சம் சாம்பல். உன் ரவிக்கையின் சுருக்கத்தை அப்படியே நீட்டி விரல் இருந்த இடத்தை மூடினேன். அதை மறுபடி படம் எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு பயல் கண்டுபிடிக்கவில்லை! இங்கே வந்த முதல் வருஷமே நிஜ விரலையும் வெட்டி எறிந்தேன். ஆனால் முதலில் வெட்டியது பிரஷ்தான்.

என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். நீ சிரிக்கிறாய்தானே? முழுப்படத்தை ஒரு பிரதி போட்டு உனக்கு அனுப்பட்டுமா?

வெயில் வந்துவிட்டதா அங்கே? தண்ணீர் நிறையக் குடி.

அண்ணன்


மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நான் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை.

ஏழு வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கீழ் வீட்டுக்காரியைப் பிடித்தேன். "நல்லாத்தான் இருக்காங்க, கறிகாய் வாங்கப் போறாங்க, வர்றாங்க, ஆனா குழாய்ச் சண்டைக்குக்கூட வர்றதில்ல" என்றாள். நீ சண்டைக்கு வராமல் இருக்கிறாய் என்றால் ஏதோ பெரிதாக ஆகியிருக்கிறது.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? அந்தக் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். விரலை அழித்த பெருமையைத் தவிர வேறு ஒன்றும் எழுதவில்லையே. பேட்டியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். திட்டுவதாக இருந்தாலும் திட்டி எழுது.

அண்ணன்


ஜூன் 14

அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மாத்திரை, உன் கை, எல்லாம் சரியாக இருக்கிறதா?

திட்டி எழுதச் சொன்னாய். பல தடவை உட்கார்ந்தேன், எழுதினேன், கிழித்தேன். இப்போது நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நீ போன நாலாம் மாதம் தட்டு வெளிவந்தது. கடைக்குக் கடை நான் தொங்கினேன். முதலில் எல்லோருக்கும் பெருமைதான். கடிகாரக்காரர்கூடத் தன் கடையில் ஒன்றை மாட்டி வைத்தார். அப்புறம் உன் முதலாளியின் பேட்டி வந்தது. காதலன் கை என்று. உனக்குப் புரையேறியது என்றாயே, அதே பேட்டி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடிகாரக்காரருடைய அம்மாவும் மாமாவும் வீட்டுக்கு வந்தார்கள். நான் கொண்டுபோய் வைத்த தண்ணீரைத் தொடவில்லை. தட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். அப்பா, "இது எம் பையன் கைங்க" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. அட்டைமேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "உங்க பையனுக்கு ஆறு விரல்னு ஊருக்கே தெரியும். இது யாரு?" என்றார். நம் அம்மா அட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு நிமிஷம்தான், அப்புறம் அவள் என்னோடுதான் நின்றாள். ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் அவர் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்குத் தனியாக வந்தார். கண் சிவந்திருந்தது. "யார் கைன்னு மட்டும் சொல்லிடு. நான் மன்னிச்சுடறேன்" என்றார். எங்கண்ணன் கை என்றேன். "நானும் எண்ணிப் பார்த்தேன்" என்றார். "அப்போ அந்த விரலுங்களையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த 'மன்னிச்சுடறேன்'தான் என்னைச் சுட்டது. அந்த வார்த்தை இல்லாமல் கேட்டிருந்தால் இன்னும் நாலு வார்த்தை நின்று பேசியிருப்பேன்.

உன் முதலாளியிடம் அப்பா நடையாய் நடந்தார். நெகட்டிவ் கம்பெனிக்குப் போய்விட்டது, நானாக எதுவும் சொல்ல முடியாது என்று கைவிரித்துவிட்டார். தட்டு நன்றாக விற்றுக்கொண்டிருந்தது அல்லவா.

நான் உனக்கு எழுதினேன். "அந்தப் படத்தைப் பெரிதாக, முழுசாக ஒன்று அனுப்பு" என்று. அவ்வளவுதான் எழுதினேன். நீ ஐந்து தட்டு வாங்கி, "உலகப் புகழ் வாயாடிக்கு" என்று ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினாய். ஐந்தும் பரண்மேல் பிரிக்காமல் கிடக்கின்றன.

ஏன் எதற்கு என்று எழுதியிருக்கலாமே என்று கேட்பாய். எழுதியிருக்கலாம். அப்பா எழுதப் போனபோதுகூட, எழுதினால் நான் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்று பேனாவைப் பிடுங்கினேன். நான் சொன்னால் சொன்னதுதான். அதற்கு ஒரு படம் வந்து சாட்சி சொல்ல வேண்டுமென்றால் அப்படிப்பட்ட வீட்டில் போய் என்ன வாழ்வது என்று இருந்தது. திமிர். இப்போது எனக்கே அப்படித்தான் படுகிறது. வருஷம் திரும்புவதற்குள் அவருக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். மூன்றாம் வருஷம் நீ ஐந்து விரலோடு வந்து இறங்கினாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அது சிரிப்பு இல்லை.

அந்த விரல் என் தோளுக்குப் பின்னால் மடங்கியிருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்திருக்கிறேன். நீ அழித்திருப்பாய் என்று தோன்றவே இல்லை. உன் கைவேலை அவ்வளவு சுத்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஜூலை 2

என் தங்கைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படம் எடுக்க வந்த ஒரு பையன், "தாத்தா, காது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். உன் மருமகன் வந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

வாயாடி என்று உனக்குப் பெயர் வைத்தவன் நான். ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவள் இதைப் பேசாமல் இருந்திருக்கிறாயே, பாவி! ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? வேலை போனால் போகிறது என்று கிளம்பி வந்து, அந்த மாமன் மூக்குக்கு நேரே இந்தக் கையை நீட்டியிருக்க மாட்டேனா? அப்போது விரல் இருந்தது. உன் கடிதம் வந்து எத்தனையோ மாதம் கழித்துத்தான் வெட்டினேன். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. அப்புறம் யார்மேல் கோபப்படுகிறேன் என்று யோசித்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முழுப்படம் கேட்டவளுக்கு ஐந்து தட்டு அனுப்பினவன் நான். பார்க்கிற ஒவ்வொரு தடவையும், ஒரு நல்ல மனுஷனை விட்டாயே என்று உன்னையே குத்திக்காட்டினவனும் நான்.

என் பெருமையான வேலை என்று எழுதினேனே. அந்த வரியை எப்படிப் படித்தாய்?

முழுப்படத்தை நானே இருட்டறையில் போட்டேன். உன் மருமகன் கம்ப்யூட்டரில் போடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். ஒரு புள்ளிகூட டச்சப் செய்யவில்லை. கீறல்கூட அப்படியே இருக்கிறது. அட்டைக்கு நடுவில் வைத்து மடங்காமல் அனுப்பியிருக்கிறேன். அவரிடம் கொண்டுபோய்க் காட்டு. கெஞ்சிக் கேட்கிறேன். அவர் இருக்கும்போதே காட்டிவிடு.

புதுத் தட்டுக்கு எந்தப் படத்தைப் போடுவது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். முழுசாகப் போடட்டுமா, பழையபடி விடட்டுமா, இல்லை படமே வேண்டாம் என்று தடுக்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். என்மேல் கோபமா என்பதையும் எழுது.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று மருமகன் எழுதியிருக்கிறான். இந்த வயதில் பட்டினி கிடந்து யாரைப் பழிவாங்கப் போகிறாய்? சாப்பிடு.

படம் மடங்காமல் வந்து சேர்ந்தது. ஜன்னல் ஓரத்தில் வைத்து நிறைய நேரம் பார்த்தேன். உன் சட்டைப் பையில் பேனா மை கொட்டியிருக்கிறது. அம்மா அதற்காக உன்னைத் திட்டியது ஞாபகம் வந்தது. பின்னால் என் குடை விரித்துக் கிடக்கிறது, தரையெல்லாம் தண்ணீர். அந்த விரலை ரொம்ப நேரம் தேடவில்லை. எடுத்த எடுப்பில் அதுதான் கண்ணில் பட்டது. கம்பெனி ஆள் சொன்னது சரிதான்.

புதுத் தட்டில் பழைய படமே இருக்கட்டும். அவர்கள் வாங்குவது அந்தச் சிரிப்பை. அதற்கு விளக்கம் வேண்டாம். கையைப் பற்றி நீ எதுவும் சொல்லாதே; அவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

அவரிடம் காட்டச் சொன்னாய். கண் தெரியாதவரிடம் படத்தைக் கொண்டுபோய் எப்படிக் காட்டுவது? ஜனவரியிலேயே எழுதினேனே. அவருக்கு இப்போது வேண்டியது படம் இல்லை. எனக்கும் இல்லை.

கோபமா என்று கேட்டாய். இருக்கிறது. காலையில் நிறைய இருக்கிறது, காபி குடித்தபின் குறைகிறது. உன்மேல் பாதி, என்மேல் பாதி. அவர்மேல் எவ்வளவு என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.

தங்கை


ஆகஸ்ட் 22

அன்புள்ள தங்கைக்கு,

சாப்பிடுகிறேன். நீ சொன்னபடியே கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண், "அப்போ கை யாரோடது சார், கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டீங்களா?" என்றாள். எனக்குத் தெரியாதம்மா என்றேன். என் கையை எனக்கே தெரியாது என்று சொல்வது எப்படி இருந்தது என்று உனக்குப் புரியும்.

கண் போனதை நீ எழுதியது அந்தக் கடிதம் போடும்போது என் புத்தியில் ஏறவே இல்லை. படம், படம் என்றே வாழ்ந்தவன், வேறு எப்படி யோசிப்பேன்? இனி உன்னை எதற்கும் நச்சரிக்க மாட்டேன். உன் உடம்பு மட்டும் நன்றாக இருந்தால் போதும். முழங்காலைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நேற்று மூன்று மாடி ஏறினேன், அதனால் முழங்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. உன் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. கறிகாய் வாங்கக் கிளம்பினேன், பையில் படமும் இருந்தது. மூடின கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில்தான் வீடு. மகள் கதவைத் திறந்தாள். யார் என்று அவள் கேட்பதற்குள் உள்ளேயிருந்து, "வரச் சொல்லும்மா. படியேறும்போதே முழங்கால் சத்தம் கேட்டுச்சு, வயசானவங்க" என்று குரல். நான்தான் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியின் கையைத் தடவித் தடவி நின்றார். நல்ல சலவைச் சட்டை, பொத்தான் எல்லாம் சரியாகப் போட்டிருந்தார். இளைத்துப்போயிருக்கிறார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். கட்டை விரலால் நாலு ஓரத்தையும் தடவினார். "போட்டோவா? பெரிசா இருக்கே" என்றார். மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது அந்த ரெக்கார்டு படம்ப்பா, இதுல பக்கத்துல ஒருத்தர்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சொல்லாதம்மா. அவங்க சொல்லட்டும்" என்றார்.

"எங்கண்ணன் கை" என்றேன்.

"சரி" என்றார்.

அவ்வளவுதான் அண்ணா. எண்ணவில்லை. மகளிடம் கேட்கவில்லை. படத்தைக்கூட மேற்கொண்டு தடவவில்லை. அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் வாசலில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. அதை இப்போது வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது? எங்கே வைப்பது? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் காபி கொடுத்தாள், குடித்தேன்.

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அப்படிச் சிரிக்கிற அளவுக்கு உங்கண்ணன் காதுல என்ன சொன்னார்? அது ஒண்ணுதான் எனக்கு அப்போ தாங்கல" என்றார். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். தெருவில் வந்து காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். வண்டிக்காரன் விலை அதிகம் என்று அழுகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு தக்காளி சேர்த்துப் போட்டான்.

நீயும் ஜனவரியில் இதையே கேட்டாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ தோளில் கை போட்டுக் குனிந்து சொன்னாய்: "ஓடுற வாட்சை மூணு தடவை ரிப்பேருக்குக் கொண்டுபோனியாமே! கடிகாரக்காரர் எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்." அகப்பட்டுக்கொண்டேனே என்றுதான் சிரித்தேன். அவரை நினைத்துத்தான் சிரித்தேன். ஊரெல்லாம் பார்த்த அந்தச் சிரிப்பு அவருடையது. அதை மாடியில் நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மனுஷன் மிச்ச நாளை எப்படிக் கழிப்பார்?

படத்தை அவர் மடியிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்க மாட்டேன். எனக்கு இன்னொன்று போட்டு அனுப்பு, முழுசாக.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். வெட்டிய இடம் தெறிக்கிறதா? ராத்திரி படுக்கும்போது வெந்நீரில் வைத்து, துடைத்து, சூடாகத் துணி சுற்றிக்கொள். அலட்சியமாக இருக்காதே. அந்த விரலும் என் தோள்மேல் இருந்ததுதான்.

உன் வாயாடி